ஒற்றை மைக்கும் நாங்கள் இருவரும்

எங்கள் இருவரையும் சேர்த்து இப்போது மிச்சமிருப்பது ஓர் ஒலிநாடா மட்டும்தான். அதில் ஒரே உருப்படியை நாலு தடவை வாசித்திருக்கிறோம். அவருடைய இறுதிச் சடங்கில் அந்த நாலில் ஒன்றைப் போடலாம், எதைப் போடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று அவருடைய மனைவி நாடா இருந்த பெட்டியை என் கையில் தந்தபோது நான் வீட்டு வாசலில் காலுறையோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் அம்மருட் என்ற புறநகரில் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தவர். நான் ஆறாம் மாடி. என்னைவிட நாலைந்து வயது மூத்த நொர்வேஜியர். டபுள் பேஸ் வாசிப்பவர். ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பெரிய வாத்தியத்தை அணைத்துப் பிடித்து, விரலால் சுண்டி வாசிப்பார்கள். இளமையில் ஜாஸ் குழுக்களோடு ஊர் ஊராகப் போனவர், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். நான் அகதியாக வந்து, ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்பவன். மிருதங்கம் வாசிப்பேன். கோயிலிலும் அரங்கேற்றங்களிலும் கூப்பிட்டால் போவேன். வீட்டில் சாதகம் செய்தால் பக்கத்து வீட்டார் முறைப்பாடு எழுதிவிடுவார்கள் என்ற பயத்தில் கட்டடத்தின் நிலவறையில் சைக்கிள்கள் நிறுத்தும் அறையில்தான் உட்கார்ந்து வாசிப்பேன்.

ஒரு நாள் பொதுச் சலவை அறையில், நேர அட்டவணையில் நான் பதிந்து வைத்திருந்த நேரத்துக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கு ஒருவர் முகம் பார்த்துக் குறை சொல்வதில்லை, கடதாசிதான் ஒட்டுவார்கள். சரி, வந்துவிட்டது முறைப்பாடு என்று எண்ணிக்கொண்டு வாசித்தேன். 'செவ்வாய்க்கிழமை நடுவில் நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு என்ன வரும்?' என்று எழுதி, கீழே நாலாம் மாடி வீட்டு இலக்கம் போட்டிருந்தது. சுடுநீர்க் குழாய் வழியாக நாலாம் மாடி வரைக்கும் சத்தம் போயிருக்கிறது. பதில் கடதாசி எழுத எனக்குத் தெரியாது. மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போய் மணியை அழுத்தினேன்.

அவரிடம் ஒரு பழைய கிராமபோனும் ஓர் அலுமாரி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. அமெரிக்காவில் ஜாஸ் பிறந்து தவழ்ந்த காலத்தில் பதிவான தட்டுகள். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பரும் வெள்ளையரும் பல இடங்களில் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, ஒரே மேடையில் ஏறினால் வம்பு. ஆனால் பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் பார்ப்பவர் யாரும் இல்லை. தட்டில் தோல் தெரியாது. அந்தத் துணிச்சலில் சிலர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துவிட்டு, வெளியே வந்ததும் வேறு வேறு வழியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தட்டின் நடுவில் ஒட்டும் தாளில் எல்லோருடைய பெயரும் இருக்காது. இதை அவர் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். தானே ஏதோ பிழை விட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒரு தட்டைப் போட்டுவிட்டு, இதில் யார் வெள்ளை, யார் கறுப்பு, சொல்லும் பார்ப்போம் என்று கேட்பார். நொர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான். ஆனால் அவர் பேசினது எல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கியிருக்கிறது, 'நீர்' என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார். நான் ஏதாவது உளறுவேன். அவர் சிரித்துக்கொண்டு, எனக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது என்பார். ஆனால் யார் கிட்ட நின்றவர், யார் தூர நின்றவர் என்று மட்டும் காதால் சொல்லிவிடலாமாம். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். சத்தம் கூடியவரைத் தள்ளி நிறுத்துவார்கள். மேளம் வாசிப்பவர் பாடு மோசம், அவர் அடித்தால் மெழுகில் கீறும் ஊசி துள்ளிவிடும் என்று கதவோரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தக் கடைசிக் கதையை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் கெட்டது அதால்தான்.

புதன்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினோம். அவருடைய மெட்டு பன்னிரண்டு கட்டத்தில் சுற்றி வரும், கட்டத்துக்கு நாலு அடி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. எங்கள் ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். அதைக் கண்டுபிடித்த அன்று இரண்டு கிழவர்களும் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டுக்கு மிருதங்கத் தோல் காய்ந்து சுதி ஏறிவிடும். நான் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டி இறக்கப் பார்த்தால், அதை விடும் என்று சொல்லிவிட்டு அவர் தன்னுடைய தந்திகளை என் சுதிக்கு ஏற்றுவார். பக்கவாத்தியத்துக்குப் பிரதான வாத்தியம் சுதி சேர்ப்பதை என் வாழ்நாளில் அங்கேதான் கண்டேன். எனக்கு அது கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தப் பழைய தட்டுகள் மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஓர் அறை, ஒரு மைக், ஒரு நாடா. பிறகு வெட்டி ஒட்டித் திருத்த முடியாது. கிட்ட இருப்பவர் கிட்டக் கேட்பார், தூர இருப்பவர் தூரக் கேட்பார், அவ்வளவுதான். ஆறுதலாகச் செய்யலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், தை மாதத்தில் திடீரென்று, வாற மாதத்துக்குள் எடுப்பம் என்று அவசரப்பட்டார். இருமல் வேறு. அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்திருந்தது, வைத்தியர்கள் நாள் குறித்துவிட்டார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். விடுமுறைக்கென்று வைத்திருந்த மலைக் குடிசைக்குப் போவதற்கு முன் வேலையை முடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் கேட்கவில்லை.

மாசி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். கட்டடத்தின் நிலவறைப் பொதுக்கூடம். பிள்ளைகளின் பிறந்தநாள் நடக்கிற இடம், சுவரில் பழைய பலூன் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நடுவில் மைக்கை நிறுத்தி, அதிலிருந்து ஒரு கை எட்டும் தூரத்தில் நிலத்தில் இரண்டு துண்டு வெள்ளை ஒட்டுநாடா ஒட்டினார். ஒன்று தனக்கு, ஒன்று என் பாய்க்கு. நான் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசை வைத்துத் தட்டிப் பார்த்தேன். வெறும் கூடத்தில் அது இடி மாதிரிக் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் என்றால் உம்மைக் கதவடிக்கு அனுப்பியிருப்பார்கள் என்றார்.

அது பகிடி. பகிடியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் நான் வளர்ந்த இடத்தில் ஒருவரும் நேரே சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தவரை எழுப்புவதற்கு, கடைசி பஸ் இப்ப வேளைக்கே போகுதாம் என்று சொல்வார்கள், அவரும் விளங்கிக்கொண்டு எழும்பிவிடுவார். சாடையாகச் சொன்னால் புரியாதவனை மோடன் என்போம். போதாததற்குப் பக்கவாத்தியக்காரன் வேறு. பிரதானத்தை மூடி வாசிக்கிறவன் என்ற பெயர் வந்துவிட்டால் எங்களுக்கு அதைவிட அவமானம் இல்லை. மனிதர் நயமாகச் சொல்கிறார், நான்தான் உறைக்காமல் இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் தடவை அந்த ஒட்டின இடத்திலேயே இருந்து வாசித்தோம். நன்றாகத்தான் போனது. மூன்று தரம் சுற்றி முடிக்கும் கடைசிக் கோர்வையில் நான் ஓர் அடி முந்தி இறங்கிவிட்டேன். நின்றது. அவர் என்னவோ சொன்னார், சிரித்தோம். அவர் பதிவு இயந்திரத்தைப் பார்க்கப் போன இடைவெளியில் நான் பாயை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். திரும்பி வந்தவர் நிலத்தில் தனியாகக் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார், என் பாயைப் பார்த்தார். குனிந்து, இன்னொரு துண்டைக் கிழித்து, என் பாய் புதிதாக இருந்த இடத்தில் ஒட்டினார். சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

இரண்டாம் தடவைக்குப் பிறகும் இழுத்தேன். மூன்றாம் தடவைக்குப் பிறகும் இழுத்தேன். நாலாம் தடவை என் முதுகு அடுக்கி வைத்த கதிரைகளில் முட்டிக்கொண்டிருந்தது. அவர் எங்கே நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. வாசிக்கும்போது நான் தலை நிமிர்வதில்லை. ஆனால் அந்த நாலாம் தடவை வாசித்தது மாதிரி அதற்கு முன்னும் நான் வாசித்ததில்லை, பிறகும் வாசித்ததில்லை. கோர்வை மூன்று தரமும் சுற்றி வந்து அவருடைய முதல் அடியில் ஒன்றாக விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாத்தியத்தின் கழுத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நல்லது என்றார். இந்த நாட்டில் ஒருவர் அப்படி ஒற்றைச் சொல் சொன்னால் அது மாலை போட்ட மாதிரி. என் மனைவி கட்டித் தந்துவிட்ட ரோல்ஸை இருவரும் கையைத் துடைக்காமல் சாப்பிட்டோம்.

வசந்தத்தில் அவரைக் காணவில்லை. மலைக் குடிசையில் இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஆனி மாதம் லிப்டில் அவருடைய மனைவியைச் சந்தித்தபோதுதான், மூன்று கிழமையாக ஆஸ்பத்திரியில் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். என்னுடையதுதான். மூன்று கிழமையாக அவருடைய சாப்பாட்டுத் தட்டும் என்னிடம்தான் வந்திருக்கிறது. பாதி தின்றுவிட்டு அனுப்பின நூற்றுக்கணக்கான தட்டுகளில் எது அவருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாள் இடைவேளையில் அவர் இருந்த மாடிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. குடும்பத்தோடு இருக்கிறார், இந்த ஏப்ரனோடு போய் ஏன் கரைச்சல் கொடுப்பான் என்று திரும்பிவிட்டேன். பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் கதவு சாத்தித்தான் இருந்தது. தட்டினால் திறக்கும் கதவுதான். புரட்டாசி தொடக்கத்தில் அவர் போய்விட்டார்.

நாடாவைக் கேட்பதற்கு அவருடைய மனைவி பெட்டியையும் இயந்திரத்தையும் தந்திருந்தார். என் மகள் வந்து இயந்திரத்தின் வயர்களைப் பூட்டித் தந்தாள். இங்கே பிறந்தவள், திராமன் நகரில் வேலை செய்கிறாள், எனக்கு இல்லாத வாயெல்லாம் அவளுக்கு உண்டு. எதற்கு முதல் மூன்று என்று நான் நேரே நாலாவதைப் போடச் சொன்னேன். அதுதான் திறம், அதைத்தான் போட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

சுடுநீர்க் குழாயின் இரைச்சல் கேட்டது. எங்கேயோ பேஸ் கேட்டது, பக்கத்து அறையில் யாரோ நடக்கிற மாதிரி. மிருதங்கம் அதற்கும் அப்பால். தொப்பியில் எழும் கும்கி முழக்கம் ஒன்றுமே இல்லை. காதை ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்தேன். கோர்வை வந்தது, விழுந்தது, ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் விழுந்த மாதிரி. நான் வாசித்த நல்ல வாசிப்பு ஒன்றே ஒன்று. அது இப்படிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, மகளுக்கு முன்னால் அடக்கிக்கொண்டேன்.

மகள் இயந்திரத்தை நிறுத்தினாள். பதிவு என்பதற்கு அவள் வாயில் நொர்வேஜியச் சொல்தான் வரும்.

"இந்த ஒப்தாக்கிலை நீங்கள் எங்கை அப்பா இருக்கிறியள்? உங்களைப் பின்னுக்குத் தள்ளி விட்டிட்டாங்கள். எல்லா இடத்திலையும் இதுதான் செய்யிறவங்கள்."

ஒருவரும் தள்ளவில்லை, நானே போனேன் என்றேன். அவள் நம்பவில்லை. பள்ளிக்கூடத்திலும் வேலை தேடின காலத்திலும் அவள் பட்டது கொஞ்சமில்லை, அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏன் போனீர்கள் என்று கேட்டாள். ஒரு பகிடியைச் சாடை என்று எடுத்தேன், சரி. ஆனால் அதை அப்படி எடுக்க நான் ஏன் அவ்வளவு ஆயத்தமாக இருந்தேன்? வேலைக் கூட்டத்தில் கடைசிக் கதிரை. பஸ்ஸில் ஒரு நொர்வேஜியர் ஏறினால் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்குவது. முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவரும் கேட்காமலே நான் பாயை இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. அவருடைய கையெழுத்து எனக்குப் பிடிபடாது. மகள் எடுத்து வாசித்து, தமிழில் சொன்னாள். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார். முதலாவதில், அவர் கிட்ட, நான் கிட்ட, கடைசியில் பிழை. இரண்டாவதில், அவர் பாயைப் பின்னுக்கு இழுத்துவிட்டார், என் சத்தம் அவருக்கு இடைஞ்சல் போல, நானும் ஓர் அடி பின்னுக்குப் போனேன். மூன்றாவதில், அவர் இன்னும் தள்ளிப் போனார், நானும். நாலாவதுக்கு வந்ததும் மகளின் குரல் தணிந்தது.

"வாசிப்பு திறம். ஆனா ரெண்டு பேரும் சுவரோடை. கிட்ட வாரும் எண்டு சொல்லியிருக்கலாம். ஆனா நான் வெள்ளைக்காரன். அவர் எங்கை இருக்கோணும் எண்டு நான் சொல்லுறதோ?"

அவள் அந்தக் கடைசி வரியைத் தனக்குள் இன்னொரு தடவை வாசித்தாள். கொப்பியை மூடி மேசையில் வைத்தாள்.

நான் பின்னுக்குப் போனது அவருக்கு மரியாதை. அவர் சும்மா இருந்தது எனக்கு மரியாதை. இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை செய்து, நடுவில் மைக்கைத் தன்னந்தனியே விட்டுவிட்டோம். அதுவும் பாவம், வேறு வழியில்லாமல் சுடுநீர்க் குழாயைப் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பழைய தட்டுகளில் கதவோரத்தில் கேட்கிற மேளக்காரரை நினைத்தேன். ஊசிக்காக அனுப்பினார்களா, தோலுக்காக அனுப்பினார்களா, அல்லது என்னை மாதிரித் தானே எழும்பிப் போனாரா? தட்டைக் கேட்டு அதைச் சொல்ல முடியாது. என் பேரப்பிள்ளைகள் எங்கள் நாடாவைக் கேட்டாலும் மகள் நினைத்ததைத்தான் நினைப்பார்கள்.

பிறகு முதலாவதைப் போட்டோம். அதைக் கேட்டுவிட்டு அவருடைய மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, முதலாவதைப் போடுங்கள் என்றேன். அதில் பிழை இருக்கிறதாமே என்று கேட்டார். ஓம், என்னுடைய பிழைதான் என்றேன்.

மயானத்துச் சிறு மண்டபத்தில் அவருடைய பழைய குழுக்காரர்களும் மாணவர்களும் நிறைய வந்திருந்தார்கள். நானும் மகளும் கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தோம். முன்வரிசையில் அவருடைய மனைவிக்கு அருகே ஒரு கதிரை வெறுமையாக இருந்தது, அதன்மேல் ஒரு தாள். ஸ்தவாங்கர் நகரில் அவருக்கு ஒரு தங்கை இருக்கிறார், அவர் வரப் பிந்துகிறது போல என்று நினைத்தேன்.

பேச்செல்லாம் முடிந்து நாடாவைப் போட்டார்கள். முதலில் நாடாவின் கிறீச்சல். பிறகு அவருடைய குரல், மண்டபத்துக்குள்ளேயே நின்று கேட்கிற மாதிரி, வசதியா இருக்கிறீர்தானே என்று கேட்டது. என் குரல், நொர்வேஜிய மொழியை மறந்து, ஓம் என்றது. முன்னால் சிலர் சிரித்தார்கள். பேஸ் தொடங்கியது. அவருடைய விரல் தந்தியில் உரசுவது, அவர் மூச்சு இழுப்பது, என் மிருதங்க வலந்தலையின் நாதம், எல்லாம் அவ்வளவு கிட்ட. நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் என் கையைத் தொட்டாள்.

"அப்பா, அந்தக் கதிரை உங்களுக்குத்தான். தாளிலை உங்கடை பேர் எழுதிக் கிடக்கு. முன்னாலை போய்ப் பூ வைக்கேக்கை பாத்தனான்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பின்னுக்கு இருக்கத்தான் உங்களுக்கு விருப்பம் எண்டு நினைச்சன்," என்றாள்.

எழும்பினேன். இத்தனை பேருக்கு நடுவில், அதுவும் வாசிப்பு நடக்கும்போது, நான் எழும்பி நடந்தது என் வாழ்நாளில் அன்றுதான். சப்பாத்துச் சத்தம் கேட்கக்கூடாது என்று மெல்ல நடந்தேன். அவருடைய மனைவி திரும்பிப் பார்த்தார், கதிரையில் இருந்த தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோர்வை தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் நான் ஓர் அடி முந்தி இறங்கினேன், எல்லாம் நின்றது. அவர் சிரித்தார், நான் சிரித்தேன். அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்பது இப்போது எல்லோருக்கும் கேட்டது.

"பரவாயில்லை. இன்னொருக்கா எடுப்பம்."

நாடாவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். முன்வரிசைக்கு இன்னும் நாலு வரிசை இருந்தது.